ஏழாவது லாட்

அத்தியாயம் 6

சுடலை கையெழுத்துப் போடுவதற்கு இன்னும் மூன்று மணி நேரமே இருந்தது.

பெருமாநல்லூருக்கு வடக்கே அமைந்திருந்த அந்தச் சாயப்பட்டறையின் அலுவலக அறையில், மேசையின் மீது ஒரு தாள் வைக்கப்பட்டிருந்தது. தாளின் மீது ஒரு பேனா. தாளில் மூன்று வாக்கியங்கள் அச்சாகியிருந்தன. 'மூன்றாம் எண் மெஷினில் நான்கு லாட் துணியை நான் வேண்டுமென்றே கெடுத்தேன். வெளியாள் ஒருவரின் தூண்டுதலால் இதைச் செய்தேன். இதை என் சுயநினைவுடன் எழுதிக் கொடுக்கிறேன்.' அவற்றின் கீழே கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

அந்த மெஷினின் பகல் ஷிப்ட் ஆபரேட்டரான சுடலை, காலை எட்டு மணியிலிருந்து அதே நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். அவருடைய கைப்பேசி முதலாளியின் மேசை இழுப்பறைக்குள் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் முதலாளி குமாரசாமி. கடுமையான சொற்களைக்கூடக் கை கூப்பியபடியே சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. "நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கறனுங்க. கையெழுத்துப் போட்டா அவரு பாட்டுக்கு ஊருக்குப் போயிக்கலாம். போடலீன்னா நேரா ஸ்டேஷனுக்குப் போயி கம்ப்ளெய்ண்ட் குடுத்துருவனுங்க. மரியாதையாத்தான் சொல்றனுங்க."

துப்பறிவாளர் தண்டாயுதபாணி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். மணி ஒன்று. அன்று காலை அவருடைய அலுவலகத்தின் படியேறி வந்து, கண்ணீரை அடக்கிக்கொண்டு இந்த வழக்கை ஒப்படைத்தவர் சுடலையின் மனைவி கருத்தம்மா. அவர் இப்போது கதவோரம் நின்றிருந்தார்.

"அவிய போட்டுருவாவ சார்," என்றார் கருத்தம்மா தாழ்ந்த குரலில். "போட்டா இந்த ஊர்ல எந்தப் பட்டறையிலயும் வேலை கெடையாது. போடாட்டா ஜெயிலு. பயந்த மனுசன் எதச் சார் எடுப்பாவ?"

சுடலை தலை நிமிரவில்லை. "நா ஒண்ணும் பண்ணலன்னு காலையில இருந்து சொல்லுதேன். எத்தன வாட்டிதான் சொல்ல?"

தண்டாயுதபாணியின் உதவியாளரான பிரிசில்லா தாளைக் குனிந்து படித்தார். எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காத ஓர் ஆண்டில் துப்பறியும் நிலையத்தில் சேர்ந்து, பிறகு அதை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டவர் அவர்.

"ஒரு எழுத்துப் பிழைகூட இல்லீங்களே. யாருங்க எழுதுனது?"

"எங்க ஆபீஸ் புள்ளதானுங்க டைப் பண்ணுச்சு."

"அப்ப அந்தப் புள்ளயவே கையெழுத்தும் போடச் சொல்லிறலாமுங்களே."

குமாரசாமி சிரிக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து விரித்தார். இள நீல நிறத்தில் இருக்க வேண்டிய பனியன் துணி. ஆனால் அதில் அடர் நீலம் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது. மழை ஒழுகிய சுவரைப் போல இருந்தது அது.

"சாயம் துணியில பிடிக்கோணும்னா சோடா விடோணுமுங்க," என்றார் அவர். "அதையும் மொதல்ல துளித் துளியா விட்டு, வர வரக் கூட்டோணும். ஒரேயடியா ஊத்துனா இந்தக் கதிதான். நாலு லாட்டு இப்படிப் போச்சுங்க. நாலுமே இவரு ஷிப்டுல. அதுவும் ஒவ்வொரு தடவையும் இவரோட நாலாவது லாட்டு. கெட்டுப்போனது தெரியறப்ப ஷிப்டு முடிஞ்சிருக்கும் பாருங்க. கெட்டிக்காரத்தனம்."

"மெஷின்ல கோளாறு இருக்கலாமில்லீங்க?" என்றார் தண்டாயுதபாணி.

"மெஷின்ல கோளாறுன்னா ராத்திரி ஷிப்டு சின்னானுக்கும் கெடோணுமில்லீங்க? அவருக்கு ஒரு மீட்டர்கூடக் கெடலீங்க. இத்தனைக்கும் மெஷின ஓட்டற பேனல்ல ஒன்றரை மாசத்துக்கு முன்னாலதான் புது எலெக்ட்ரானிக் கார்டு போட்டிருக்கறோம்."

ஒரு தடவைக்கு மெஷினில் ஏற்றும் துணியை ஒரு லாட் என்று குறித்து வைக்கும் புத்தகத்தைத் தண்டாயுதபாணி கேட்டு வாங்கினார். இரவு எட்டு மணிக்கு ஷிப்டை ஏற்கும் சின்னான், நாள்தோறும் மூன்று லாட். அதற்கு மேல் ஒருபோதும் இல்லை. காலை எட்டு மணிக்கு வரும் சுடலை வழக்கமாக மூன்று லாட். ஆர்டர் நெருக்கிய ஐந்து நாள்களில் மட்டும் நான்கு. அந்த ஐந்தில் நான்கு சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. பதினான்காம் தேதியின் நான்காவது லாட் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் தேறியிருந்தது. அந்தப் பக்கத்தைத் தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார் அவர்.

"இது ஏனுங்க தப்பிச்சுது?"

"அன்னைக்கு மனசாட்சி உறுத்தியிருக்குமுங்க."

இதற்குள் பிரிசில்லா, அறையின் மூலையில் இருந்த கண்காணிப்புக் கேமராவின் திரையில் பழைய பதிவுகளை ஓட்டத் தொடங்கியிருந்தார். சற்று நேரத்தில் அவர் தண்டாயுதபாணியின் சட்டைக் கையை இழுத்தார்.

"சார், சத்தமில்லாமப் பாருங்க."

திரையில் மூன்றாம் எண் மெஷின். மணி இரவு எட்டு. சின்னான் இருபுறமும் பார்த்துவிட்டுப் பேனலின் கதவைத் திறக்கிறார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுக்கிறார். அதிலிருந்து வெள்ளைப் பொடி எதையோ விரல்களில் எடுத்து உள்ளே கையை விடுகிறார். கதவை மூடிவிட்டு, ஒன்றுமே நடவாததுபோல் நகர்ந்து செல்கிறார். முந்தைய நாளும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும் அப்படியே.

"மெஷினுக்குப் பவுடர் போட்டுவிடறாருங்க சார். பொண்ணு பாக்க வர்றாங்களோ என்னவோ."

"அவர் வீடு எங்கே?"

"சேவூருங்க," என்றார் பிரிசில்லா, சுவரில் ஒட்டியிருந்த தொழிலாளர் பட்டியலைப் பார்த்து.

தண்டாயுதபாணி ஏற்கெனவே கார்ச் சாவியை எடுத்துவிட்டிருந்தார்.

*

இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்த சின்னான், கதவைத் திறந்து இருவரையும் பார்த்தார். கேமரா என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மெதுவாப் பேசுங்க சாமி," என்று கெஞ்சினார் அவர். "மொதலாளி காதுக்குப் போச்சுன்னா என்ற சோறு போச்சுங்க."

"அந்தப் பொட்டலத்தைக் கொண்டாங்க."

கொடியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார் சின்னான். தண்டாயுதபாணி பிரித்து முகர்ந்தார். பிறகு விரலில் தொட்டுப் பார்த்தார்.

அது திருநீறு.

"கார்டு மாத்தறதுக்கு முந்தியிருந்தே பூசறதுங்க," என்றார் சின்னான். "சாய வேலைங்க. ஆவி அடிக்குது, கரண்டு ஓடுது. ஆண்டவனக் கும்பிடாம எப்படிங்க மெஷினத் தொடறது? முன்னால பேனல் மேலயே பட்டை போட்டு வெச்சிருப்பனுங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க பாக்க வந்தப்ப, மெஷின் மேல திருநீறு, பொட்டு எதும் இருக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டாங்களாம். மீறுனா வேலைய விட்டு நிறுத்தீருவேன்னு மொதலாளி கை கூப்பிச் சொன்னாருங்க. அன்னையிலிருந்து கதவுக்கு உள்பக்கமாப் பூசிக்கறனுங்க."

பிரிசில்லா பெருமூச்சு விட்டார். "எங்களுக்குச் சாம்பல் புதன் வருசத்துக்கு ஒரு நாளுதானுங்க. இந்த மெஷினுக்குத் தெனமும். நம்மள விட அது பக்தியா இருக்குது சார்."

தண்டாயுதபாணி பொட்டலத்தைத் திரும்ப மடித்தார். கைவசம் இருந்த ஒரே தடயம் ஒரு பிடிச் சாம்பலாகிவிட்டது. மணி இரண்டே கால். அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் கருத்தம்மா அழுதுகொண்டிருந்தார்.

"சார், அவிய பேனாவக் கையில எடுத்துட்டாவ. 'ஊருக்குப் போயிருவோம், கூலிக்குப் போயிப் பொழச்சுக்கிடலாம்'ங்காவ. நா கையப் புடிச்சுட்டு நிக்கேன் சார். எவ்வளவு நேரம் புடிக்க முடியும்?"

"நாலு மணி வரைக்கும் பிடியுங்க அம்மா. தயவு செய்து பிடியுங்க."

வைத்துவிட்டு, பேசுவதற்கு வேறொன்றும் இல்லாதவரைப் போல, அவர் சின்னானைக் கேட்டார்: "கரண்டு ஓடற பேனலுக்குள்ள கைய விடறீங்களே, பயமா இல்லீங்களா?"

"ஐயோ, மெயின நிறுத்திப்போட்டுத்தானுங்க கைய விடுவேன். பூசிக் கும்பிட்டுட்டு மறுபடி போடறதுங்க."

"தெனமுமுங்களா?"

"ஷிப்டு ஏத்துக்கறப்பத் தெனமுமுங்க. தப்புனதே இல்லீங்க."

தண்டாயுதபாணி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"மெயினை நிறுத்திப் போட்ட பிறகு சின்னான் மூணு லாட். அதுக்கப்புறம் சுடலை மூணு லாட். மொத்தம் ஆறு. ஒண்ணும் கெடலை. சுடலை நாலாவது லாட் போட்டா..."

"ஏழு," என்றார் பிரிசில்லா. "ஒண்ணாங் கிளாஸ் கணக்குங்க சார்."

"அந்தக் கணக்கைத்தானம்மா யாருமே போடலை. கெட்டது சுடலையோட நாலாவது லாட் இல்லை. மெஷினோட ஏழாவது லாட்."

"அப்ப பதினாலாம் தேதி?"

அவர் லாட் புத்தகத்தின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கினார். அந்தத் தேதிக்கு எதிரே, ஓரத்தில், சுடலையின் கோணல் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'கரண்ட் கட் 11.10. ஜெனரேட்டர்.'

பிரிசில்லாவின் முகத்தில் இருந்த கேலி மறைந்தது. "உள்ளே ஏதோ ஒண்ணு லாட்டுக்கு லாட்டுச் சேர்ந்துக்கிட்டே போகுதுங்க சார். கரண்டு போனாத் துடைச்சுக்குது. அந்தப் புதுக் கார்டு!"

"கார்டு செஞ்ச மனுசனைப் பிடி. புரோகிராமோட பட்டறைக்கு வரச் சொல்லு."

சின்னான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படீன்னா, நான் பூசறதாலதான் என்ற ஷிப்டுல கெடலீங்களா?"

"சுவிட்சை நிறுத்துறதாலங்க."

"இதை மொதலாளிகிட்டச் சொன்னா நான் பூசறதையும் சொல்லோணுமில்லீங்க."

"சொல்லித்தான் ஆகணும். ஆனா உங்களைக் கட்டாயப்படுத்த எங்களுக்கு உரிமை இல்லை."

சின்னான் கொடியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வண்டிய எடுங்க சாமி. அந்தத் தெக்கத்தி மனுசன் சுடலை தெனமும் ஷிப்டு மாத்தறப்ப எனக்கு ஒரு டீ வாங்கி வெச்சுட்டுத்தான் போவாரு."

*

கார்டு செய்த மாதவன், கையில் ஒரு மடிக்கணினியுடன் மூன்றரை மணிக்கு வந்து சேர்ந்தார். திருப்பூரில் பழைய பேனல்களைப் பழுது பார்க்கும் ஒரு சிறு கடையை நடத்துபவர் அவர். வந்ததும் வராததுமாகவே கோபத்தில் இருந்தார்.

"என்ற கணக்கு சுத்தமானதுங்க. ஒரு வரி ஒரு வரியா, கார்டுல இருக்கற சில்லோட பாசையிலயே எழுதியிருக்கறேன். ரெடிமேடா எடுத்துப் போட்டது இல்லீங்க. இருபது தடவை டெஸ்ட் பண்ணியிருக்கறேன்."

"ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நடுவுல கார்டை நிறுத்திப் போட்டீங்களா?" என்று கேட்டார் பிரிசில்லா.

"பின்ன? நிறுத்திப் போட்டாத்தானுங்களே சுத்தமா ஆரம்பிக்கும்."

பிரிசில்லாவும் தண்டாயுதபாணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். குமாரசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுடலை பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருத்தம்மாவின் கை இன்னமும் அவருடைய மணிக்கட்டின் மீது இருந்தது.

"காட்டுங்க," என்றார் பிரிசில்லா.

மாதவன் திரையைத் திருப்பினார். பதினைந்து வரிகள்கூட இல்லை. அவர் முதலாளிக்குப் புரியும்படி விளக்கத் தொடங்கினார். "சோடா சமமாப் போகக்கூடாதுங்க. புளிச்ச மாவு பொங்குற மாதிரி, இருக்கறது மேலயே இன்னொரு பங்கு கூடிக் கூடிப் போகோணும். நிமிசத்துக்கு எத்தனை மடங்கு கூடோணும்னு லாட்டு ஆரம்பிக்கறப்ப ஒரே ஒரு தடவை சில்லு கணக்குப் போடும். அதுக்கப்புறம் வெறும் பெருக்கல்தான். ஆனா இந்த அடுக்குக் கணக்க அந்தப் பழைய சில்லுக்கு நேராப் போடத் தெரியாதுங்க. அதுக்கு ரெண்டோட அடுக்கு மட்டுந்தான் தெரியும். அதுலயும் சின்னப் பின்னமாக் குடுத்தாத்தான் போடும்."

"அதனால நீங்க எண்ணை ரெண்டா உடைக்கறீங்க," என்றார் பிரிசில்லா. "முழு எண் தனியா, பின்னம் தனியா. பின்னத்தைச் சில்லு பார்த்துக்குது. கடைசியில எஃப்ஸ்கேல்ங்கற இந்தக் கட்டளை வரியில, முழு எண்ணைக் காட்டி, விடையை அத்தனை தடவை ரெட்டிப்பாக்கச் சொல்றீங்க."

"ஆமாங்க. சரியாத்தானுங்களே இருக்குது?"

"விடை சரிதானுங்க. வேலை முடிஞ்சப்புறம் அந்த முழு எண் எங்கீங்க போச்சு?"

மாதவன் திரையில் வரி வரியாக விரலை ஓட்டித் தேடினார்.

பிரிசில்லா முதலாளியின் பக்கம் திரும்பினார். மேசையில் அடுக்கி வைத்திருந்த காகிதத் தட்டுகளைக் காட்டினார். "அந்தச் சில்லுக்குள்ள எட்டே எட்டுத் தட்டுதானுங்க. ஒண்ணு மேல ஒண்ணு. இந்தக் கணக்கப் போட மூணு தட்டு காலியா வேணும். போட்டு முடிச்சதும் விடையை எடுத்துக்கறாங்க. அடியில இருக்கற முழு எண்ணை யாரும் எடுக்கறதில்ல. எஃப்ஸ்கேல் தானா எடுக்காது. 'அதை எடுத்துப் போட்டுரு'ன்னு இன்னொரு வரி எழுதோணும். இதுல அந்த வரி இல்லீங்க."

"அந்த முழு எண் பூஜ்யம்தானுங்க," என்றார் மாதவன் பலவீனமாக. "இங்க வர்றதெல்லாம் சின்ன எண்ணு. முழு எண் எப்பவுமே பூஜ்யம்தான்."

"பூஜ்யமும் ஒரு தட்டை அடைச்சுக்குமில்லீங்க? லாட்டுக்கு ஒரு பூஜ்யம். ஆறு லாட்டுக்கு ஆறு பூஜ்யம். ஏழாவது லாட்டு வந்து மூணு தட்டு கேட்டா, ரெண்டுதான் காலி."

மாதவன் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். தொடர்ந்து அவர் பேசியது தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதைப் போல இருந்தது. "இடம் இல்லேன்னா, 'இது எண்ணே இல்ல'ன்னு சில்லு ஒரு குறி குடுக்கும். அது வால்வுக்குப் போற வழியில ரொம்பப் பெரிய எண்ணாத் தெரியும். வால்வு முழுசாத் தொறந்துரும். சோடா மொத்தமும்..."

"ஒரே ஊத்து," என்று முடித்தார் தண்டாயுதபாணி.

மணி மூன்று நாற்பத்தைந்து.

குமாரசாமி மீண்டும் கை கூப்பினார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க எல்லாம் படிச்சவங்க. தட்டுங்கறீங்க, பூஜ்யங்கறீங்க. எனக்குக் கண்ணுல காட்டுங்க. காட்டீட்டா நான் தாளைக் கிழிச்சுப் போடறனுங்க. காட்டலீன்னா நாலு மணிக்கு அவரு கையெழுத்துப் போடோணும்."

"மொதலாளியவே ஸ்டார்ட் பட்டனை ஏழு தடவை தொடச் சொல்லுங்க சார், ஒரு ஸ்டார்ட்டுன்னா சில்லுக்கு ஒரு லாட்டு," என்றார் பிரிசில்லா மெதுவாக. "நாம தொட்டா நாமளும் அந்த வெளியாளு ஆயிருவோம்."

*

மூன்றாம் எண் மெஷின் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. சோடாத் தொட்டியில் வெறும் தண்ணீர் நிரப்பப்பட்டது. அதன் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வைக்கப்பட்டது. சின்னான் பேனலின் கதவைத் திறந்து மெயினை நிறுத்தினார். கதவின் உட்புறத்தில் பூசப்பட்டிருந்த மூன்று வெள்ளைக் கோடுகளைக் குமாரசாமி பார்த்தார். சின்னானையும் பார்த்தார். சின்னான் மெயினை மீண்டும் போட்டார்.

சற்றுத் தள்ளி ஒரு ஸ்டூலில் சுடலை அமர்த்தப்பட்டிருந்தார். மடியில் லாட் புத்தகம், அதன் மேல் அந்தத் தாள், கையில் பேனா. தண்டாயுதபாணியின் கண்கள் அந்தப் பேனாவை விட்டு அகலவில்லை.

முதலாளி தம் விரலால் ஸ்டார்ட்டை அழுத்தினார். குழாயில் ஒரு துளி தோன்றியது. இன்னொரு துளி. "ஒண்ணு," என்று கூறிவிட்டு நிறுத்தினார்.

மறுபடியும் துளி. "ரெண்டு."

"மூணு."

"நாலு."

மின்சாரம் ஒரு கணம் போயிற்று. வெளியே ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் திரும்பவும் எரிந்தன. குமாரசாமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனலின் திரை தெளியும் வரை காத்திருந்து, பிறகு அழுத்தினார்.

"அஞ்சு." துளி.

"ஆறு." துளி.

மாதவன் கண்களை மூடிக்கொண்டார். முதலாளியின் விரல் ஏழாவது முறையாக அழுத்தியது.

ஒரு துளி விழுந்தது. சிறிது இடைவெளிக்குப் பிறகு இன்னொரு துளி. சாதுவாக, ஒழுங்காக, அது விழுந்துகொண்டே இருந்தது.

"ஏழு," என்றார் குமாரசாமி. அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை. "நல்லாத்தானுங்களே இருக்குது மெஷினு."

பிரிசில்லாவின் முகம் செத்துவிட்டது. "இல்லீங்க சார். வரி இல்லீங்க. நான் கண்ணால பார்த்தேனுங்க. கண்டிப்பா..."

"மணி நாலுங்க," என்றார் குமாரசாமி.

சுடலை தம் மணிக்கட்டிலிருந்து மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். "விடு கருத்தம்மா. இவிய எல்லாரும் நமக்காக ஓடியாடிப் பாத்துட்டாவ. அது போதும்." அவர் பேனாவைத் தாளில் வைத்தார். 'சு' என்ற எழுத்து உருவாயிற்று.

கருத்தம்மா அழவில்லை. அண்ணாந்து, ஜெனரேட்டர் மின்சாரத்தில் சற்று மங்கலாக எரிந்துகொண்டிருந்த டியூப் லைட்டைப் பார்த்தார். அவருடைய பார்வையைத் தொடர்ந்து தண்டாயுதபாணியும் மேலே பார்த்தார்.

"நிறுத்துங்க!"

அந்தக் குரலில் சுடலையின் கை நின்றது.

"கரண்டு எப்பப் போச்சு? யாராவது சொல்லுங்க, எந்த நம்பருக்கு அப்புறம் போச்சு?"

எல்லோரும் விழித்தனர். கண் இமைக்கும் நேரத்தில் போய் வந்த ஒன்றை அந்தப் பதற்றத்தில் யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? குமாரசாமிகூட, தாம் நின்று காத்திருந்ததை மறந்துவிட்டவராய் நெற்றியைச் சுருக்கினார்.

"நாலுக்கு அப்புறமுங்க," என்றார் சின்னான். "மெஷின் அணைஞ்சு எந்திரிச்சா எனக்குக் கை தன்னால கும்பிடுமுங்க. அப்பக் கும்பிட்டேன்."

"அப்படீன்னா நீங்க அஞ்சுன்னு எண்ணுனதுதான் ஒண்ணு," என்றார் தண்டாயுதபாணி. "இப்ப மூணுலதான் நிக்கறோம். இன்னும் நாலு தடவை அழுத்தோணுமுங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன். நாலே தடவை."

"கோவிச்சுக்காதீங்க. நாலு மணின்னு சொன்னனுங்க."

"மொதலாளி." அதுவரை குனிந்தே இருந்த சுடலை பேசினார். "என் பேருல ஒரு எழுத்துப் போட்டுட்டேன். மிச்சம் ரெண்டு எழுத்து இருக்கு. அத நா எழுதி முடிக்கதுக்குள்ள நீங்க நாலு வாட்டி அமுத்திருவீங்க."

குமாரசாமி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மெஷினின் பக்கம் திரும்பினார்.

"எட்டு." துளி.

"ஒம்பது." துளி.

"பத்து." துளி. எண்ணைச் சொல்லாமலே அவர் மறுபடியும் அழுத்தினார்.

குழாய் ஒரு முறை இருமியது. மறுகணம் தண்ணீர் முழு வேகத்தில் கொட்டியது. பக்கெட் நிரம்பி வழிந்து, தரையில் பரவி, குமாரசாமியின் வெள்ளை வேட்டியின் கரையை நனைத்தது. ஸ்டாப் பட்டனை அழுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சின்னான்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

"போன மாசம் இது சோடாவா இருந்துச்சுங்க," என்றார் பிரிசில்லா. அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. "உள்ளே உங்க இள நீலம் இருந்துச்சு."

மாதவன் ஈரத் தரையிலேயே நின்று மடிக்கணினியைத் திறந்து, அந்த ஒற்றை வரியைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். யாரிடமும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கைகள் மட்டும் ஒரே எழுத்தை மூன்று முறை பிழையாக அடித்தன.

குமாரசாமி சுடலையின் முன்னால் வந்து நின்றார். கைகள் பழக்கத்தால் குவிந்தன. "மனசுல வெச்சுக்காதீங்க. தாளக் குடுங்க, கிழிச்சுப் போடறனுங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துருங்க."

சுடலை தாளைக் கொடுக்கவில்லை. அதைத் திருப்பி, பின்புறத்து வெள்ளைப் பக்கத்தை லாட் புத்தகத்தின் மீது நேராக வைத்து, பேனாவுடன் சேர்த்து முதலாளியிடம் நீட்டினார்.

"காலையில இருந்து நா கெடுத்தேன்னு இந்தப் பட்டறை பூராவும் சொல்லிட்டு இருக்கு மொதலாளி. கிழிச்சாப் போயிருமா? நா கெடுக்கல, மெஷின்தான் கெடுத்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்க."

"எழுதோணுமுங்களா? வாயில சொன்னாப் பத்தாதுங்களா?"

"எங்கிட்ட மட்டும் எழுத்துல கேட்டீங்கள்ல?"

பட்டறையில் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தனர். குமாரசாமி நனைந்த வேட்டியோடு ஸ்டூலின் மீது அமர்ந்தார். எழுதினார். ஓர் இடத்தில் அடித்துத் திருத்தினார். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தாளை நீட்டினார்.

சுடலை அதை வாங்கினார். எழுத்துக் கூட்டி, உதடுகள் அசைய, முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார். அனைவரும் காத்திருந்தனர்.

"தேதி போடலியே மொதலாளி," என்றார்.